ஐந்து மணிக்கு இறங்கும் விமானம்

"அக்கா, விமானம் அஞ்சு மணிக்குத்தானே இறங்கும்? அதுக்கு முன்னாடி இறங்கிடாதே?"

மாடி வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. டிராவல்ஸில் டிக்கெட் போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள். இதே கேள்வியோடு கீழ் வீட்டுக்காரி காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் படியேறி வந்திருக்கிறாள்.

"பத்து மணிக்குத்தான் உன் புருஷன் ஏறினார். இப்பதான் பதினொண்ணு. அதுக்குள்ள இந்தத் தவிப்பா? டிக்கெட்டைக் காட்டு."

செல்போனில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள் அக்கா.

"அஞ்சுதான். ஆனா அது அந்த ஊர் அஞ்சு. அங்கே கடிகாரம் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கிறது என்னவோ நாலரை மணி நேரம்தான். நம்ம கணக்குக்கு ரெண்டரைக்கே இறங்கிடுவார்."

கீழ் வீட்டுக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டரைக்கேவா? பாப்பாவுக்கு ஸ்கூல் விடவே மூணாகுமே!"

"அவ ஸ்கூலுக்கும் அவர் விமானத்துக்கும் என்னடி சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறே!"

"மழை, எதிர்க்காத்துன்னு கொஞ்சம் லேட்டாகாதா அக்கா?"

"வாயைக் கழுவு! நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வேண்டிக்கோ. இறங்கினதும் மனுஷன் முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவார்."

இதில் அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அந்த மனுஷன் ஆபீஸிலிருந்து மணிக்கொரு தரம் வீட்டுப் போனில் கூப்பிடுவார். ஒரு முறை எடுக்காவிட்டால் போதும், என்ன ஏதென்று பார்க்க அவர் தம்பி பைக்கில் வந்து நிற்பான். அக்காவின் கணவருக்கோ, வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் ஞாபகம் வரும்.

"கொடுத்து வச்சவடி நீ" என்று சொல்லித் திரும்பினால் ஆளைக் காணோம். படிகளில் தடதடவென்று சத்தம்.

என்ன ஆயிற்று இவளுக்கு? சற்று நேரத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ் வீட்டுக்காரி கையில் பெட்டியோடு தெருவில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள் அக்கா.

"எங்கடி கிளம்பிட்டே? அவர் இறங்கினதும் போன் பண்ணுவாரே, யார் எடுக்கிறது?"

வலியில் முனகிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள் அவள். முழுக்கைச் சட்டை விலகிய இடத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப் போயிருந்தது.

"யாரும் எடுக்க மாட்டாங்க அக்கா. பாப்பாவை இப்பவே கூட்டிட்டு இந்த ஊரைத் தாண்டணும். எட்டு வருஷத்துல அவரால என்னைக் கூப்பிட முடியாத நேரம் இந்த நாலரை மணி நேரம்தான். அதுலயும் ஒண்ணு போயிடுச்சு."