இருபது நிமிடம்

குரங்குகளை ஆராய வந்திருந்த எங்களுக்கு, காட்டுக்குள் விடுவதற்கு முன் ஒரு பயிற்சி தந்தார்கள். ஒரே ஓர் உயிரை இருபது நிமிடம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். அது செய்வதை மட்டும் எழுத வேண்டும். அதன் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகித்து எழுதக் கூடாது. குரங்குக்குப் பதிலாக நான் முகாமில் சமைக்கும் பாக்கியமேரி அக்காவைப் பார்த்தேன். முடிந்ததும் கையைத் துடைத்தபடி வந்து, "என்ன கண்ணு எழுதுனே, படி" என்றார். படித்தேன். மாவு பிசைந்தார். இடுப்பைப் பிடித்தார். அண்டாவை இறக்கினார். இடுப்பைப் பிடித்தார்.

"எத்தன வாட்டி?"

"ஒம்போது வாட்டிக்கா."

அடுப்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வலின்னு எழுதலியா?"

"எழுதக் கூடாதுக்கா. கண்ணுக்குத் தெரியறத மட்டுந்தான்."

"அதான் வேணும். வலிக்குதுன்னு நான் சொன்னா வீட்ல ஒருத்தரும் நம்புறதில்ல. இதக் குடு, ஆஸ்பத்திரில காட்டுறேன்."

தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். மறுநாள் காட்டில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தபோது, என்னுடையதில் மட்டும் சப்பாத்திக்கு அடியில் ஒரு முட்டை இருந்தது. எதிரே பலா மரத்தில் தாய்க்குரங்கு ஒன்று குட்டியோடு வந்து உட்கார்ந்து, தன் இடது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. எழுதினேன். சற்று நேரத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. பொட்டலத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எண்ணத் தொடங்கினேன்.