பிரிந்து போகும் போர்வைகள்

"இந்தத் தடவையும் பிரிஞ்சிருச்சாம்" என்றார் மேனேஜரம்மாவின் வீட்டுக்காரர், கார் சாவியை மேஜையில் வைத்தபடி.

மேனேஜரம்மா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மேனேஜரம்மாதான்.

காட்டுத்தீயில் வீடு இழந்தவர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்காகக் குடியிருப்புப் பெண்கள் கையாலேயே போர்வை தைத்தார்கள். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்த கனமான போர்வை. காரில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் வீட்டுக்காரர் வேலை.

"எத்தனை பிரிஞ்சுது?"

"எல்லாமே."

"என்னதான் சொல்றாங்க?"

"ஊசியும் நூலும் இன்னும் கொஞ்சம் வேணுமாம்."

பக்கத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த நர்ஸக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நான் காயத்துக்குப் போட்ட தையலே பிரிஞ்சதில்ல மேடம். போர்வைல போட்டது பிரியுமா? நன்றி கூட வேண்டாம், நொட்டை சொல்லாம இருக்கலாம்ல?"

"இரு. முதல்ல நம்ம பக்கம் தப்பில்லன்னு தெரியணும்" என்றார் மேனேஜரம்மா.

செருப்பு தைப்பவரிடம் தடித்த நூல் வாங்கி, ஒவ்வொரு தையலையும் இரட்டையாகப் போட்டார்கள். பிறகு சோதனை. ஒரு முனையை மேனேஜரம்மாவும் மறுமுனையை வாட்ச்மேனும் பிடித்து இழுத்தார்கள். வாட்ச்மேன் விழுந்தார். போர்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதுவும் போதவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, நடுவில் நர்ஸக்காவை உட்கார வைத்துத் தூக்கினார்கள். பிடித்தவர்களின் கை நழுவியது. தையல் நழுவவில்லை.

"இடுப்பு போச்சு. ஆனா போர்வை நல்லா இருக்கு மேடம்" என்றார் நர்ஸக்கா, தரையிலிருந்தே.

அந்தப் போர்வைகளும் போன வேகத்தில் பிரிந்தன. வீட்டுக்காரர் வந்து சொன்னபோது மேனேஜரம்மா எழுந்தே விட்டார்.

"அடுத்த தடவை நானும் வர்றேன்."

"உனக்கெதுக்கு அலைச்சல்? நானே போய்..."

"என் தையலைக் குறை சொல்றவங்க முகத்தைப் பார்க்கணும்."

அடுத்த முறை போர்வைகளை அவரே தடவித் தடவிப் பார்த்து டிக்கியில் அடுக்கினார். வீட்டுக்காரர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பாதி வழியில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

"நீ போய் டீ குடிச்சிட்டு வா. நான் போர்வையைப் பார்த்துக்கறேன்."

"போர்வை எங்க ஓடிப்போகப் போகுது? வண்டியை எடுங்க."

மண்டபத்தில் ஒரே பேச்சுச் சத்தம். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆணும் பெண்ணுமாகப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ "இது தையலா, ரயில் ரோடா?" என்று கேட்க, சிரிப்பு எழுந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தச்சர் ஒருவர் முதல் போர்வையை வாங்கி விரித்தார். ஓரமெல்லாம் விரலை ஓட்டினார். திருப்பிப் போட்டு மறுபடியும் ஓட்டினார். முகம் வாடியது.

"இதுல எங்கயும் பிரியலையே சார்."

"அதுக்கென்ன?" என்றார் மேனேஜரம்மா. "பிரியாம இருக்கறதுதானே போர்வை?"

"போர்வை சரிதாம்மா. எங்களுக்கு வேலை இல்லையே."

மற்றவர்களும் ஆளுக்கொன்றை விரித்துப் பார்த்து, ஏமாற்றத்தோடு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மேனேஜரம்மா போர்வைக் குவியலுக்கு நடுவில் மலைத்து நின்றார்.

எரிந்துபோன பேக்கரியின் சொந்தக்காரம்மா அவரை மெல்ல ஓரமாக அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க. இங்க வந்த புதுசுல எல்லாரும் சுவரைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தோம். சாப்பிடுன்னா சாப்பிடுவோம், படுன்னா படுப்போம். யார் யாரோ வந்து கொடுப்பாங்க, வாங்கிக்குவோம். வாங்கி வாங்கிக் கையே மரத்துப் போச்சு. அந்தத் தச்சர் இருக்காரே, வீடு எரிஞ்சதுலேருந்து வாயே திறக்கல."

"அப்புறம்?"

"அந்த சார் ஒருநாள் பிரிஞ்ச போர்வையோட வந்து நின்னார். 'எங்க வீட்டம்மா தைச்சது. பாவம், அவளுக்குத் தைக்கவே வராது. ஆனா ஆசை விடல. வேண்டாம்னு சொன்னா அழுதுடுவா. நீங்க கொஞ்சம் சரி பண்ணித் தர்றீங்களா'ன்னு கேட்டார். தச்சர்தான் முதல்ல கையை நீட்டினார். 'ஊசி இருக்கா'ன்னார். நாங்க எல்லாரும் அவரையே பார்த்தோம்."

மேனேஜரம்மா திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். பாதி தொப்பை மட்டும் வெளியே தெரிந்தது.

ஊரெல்லாம் மெச்சிய தையல் மேனேஜரம்மாவுடையது. கல்யாணப் புடவைக்கு ஓரம் அடிக்கக்கூட இவரைத்தான் தேடி வருவார்கள். மேனேஜரம்மாவுக்குக் காது மடல் சிவந்தது. தூணை நோக்கி ஓரடி வைத்தார்.

"ஆமா, நீங்க யாரு?" என்று பேக்கரிக்காரம்மா கேட்டார். பிறகு தூணையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டம்மா... நீங்கதானா?" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எல்லா முகத்திலும் இரக்கம்.

தச்சர் நகர்ந்து பாயில் இடம் விட்டார். "கூச்சப்படாம உட்காருங்கம்மா. போகப் போக வந்துடும். நான் சொல்லித் தர்றேன்." ஊசியையும் நூலையும் நீட்டினார்.

மேனேஜரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியை வாங்கினார்.

"இதுல நூலை எந்தப் பக்கம் கோக்கணும்?" என்று கேட்டார்.