அள்ளித் திட்டிய மண்

செருப்பில்லாமல் சாந்தா ரொசாலியா புனிதையின் கோயில் மலையில் ஏறி இறங்கியதில் நாகபூசணியின் கால்கள் கொப்பளித்திருந்தன. மகள் நிலக்ஷி சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வீடு பறிபோகக் கூடாதெண்டு நேர்த்தி வைச்சனீங்களோ அம்மா?"

"இல்லை. எங்களை வீட்டாலை எழுப்பிற வீட்டுக்காரனை மண் அள்ளித் திட்டிப்போட்டு வந்தனான். அவன்ரை வீட்டிலை விளக்கெரியக் கூடாது."

போர்கோ வெக்கியோப் பகுதியில் நிலக்ஷி பிறந்து வளர்ந்த வாடகை வீடு அது. கட்டடம் கைமாறிவிட்டது, மாதம் முடிய வெளியேற வேண்டும்.

நிலக்ஷி போனில் தேடினாள். "அப்பிடி ஒரு ஆள் இல்லையம்மா. கட்டடம் மிலான் கொம்பனி ஒண்டின்ரை. அந்தக் கொம்பனி சீனாவிலை ஒரு பெரிய முதலீட்டுக் கொம்பனியின்ரை. அரசாங்க வங்கியள் தொடங்கினது. பிறகு பங்கு பங்காய் வித்து, இப்ப கனடாக்காரரும் வாங்கியிருக்கினம்."

"கனடாவிலை ஆர்?"

"ஒரு சேமிப்பு ஃபண்ட். சனம் மாதாமாதம் போடுற காசு." பெயரை வாசித்தவளின் குரல் இறங்கியது.

அது நாகபூசணிக்குத் தெரிந்த பெயர். "சீட்டெல்லாம் வேண்டாம் அக்கா, இதிலை போடுங்கோ" என்று டொராண்டோவிலிருக்கும் தம்பி சேர்த்துவிட்டது. எசமானி சிக்னோராவின் வீட்டில் தரை துடைத்த காசெல்லாம், நிலக்ஷியின் கலியாணத்துக்கென்று தம்பியின் பெயரில் அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப வீட்டுக்காரர்..."

"நாங்களுந்தான் அம்மா."

நாகபூசணி ஈரக் காலோடு எழுந்து கதவைத் திறந்தாள்.

"எங்கை போறீங்கள்?"

"மலைக்கு. அள்ளின மண்ணைத் திருப்பிப் போட்டுட்டு வாறன்."