கட்டைவிரல் கேப்டன்

பெட்டியின் மேலிருந்த படத்தில் கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த, ஒட்டிச் சேர்க்கவேண்டிய பிளாஸ்டிக் பொம்மைக் கப்பலின் இரண்டு பாதிகளோ மூன்று வாரமாகியும் ஒன்றோடொன்று சேரவில்லை. தனிஸ்லாஸ் கொட்டிய பசைக்கு உருப்படியாக ஒட்டியது அரிசியளவு கேப்டன் பொம்மை மட்டும்தான், அதுவும் அவருடைய வலது கட்டைவிரல் நுனியில். வெந்நீரில் ஊறவைத்தும் இறங்கவில்லை.

"கப்பலே தயாராகல, அதுக்குள்ள கேப்டன் வந்து நிக்காரு" என்றாள் மனைவி ஜெசிந்தா. "ரேஷனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். கெளம்புங்க."

ரேஷன் கடையின் பாழாய்ப்போன கைரேகை எந்திரம் அவர் விரலை முதல் தடவையில் ஏற்றதே இல்லை. துடைத்துத் துடைத்து நாலு தரமாவது அழுத்தவேண்டும். இன்று கேப்டனோடு சேர்த்து வைத்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

கடைக்காரப் பெண் குனிந்து அந்த விரலைப் பார்த்தாள்.

"அடுத்த மாசமும் இவரையே கூட்டிட்டு வாங்கண்ணே."