தலைகால் புரியாத கணினி

எஸ்தரின் மேசையில் ஒரு கணினியும் ஒரு பென் டிரைவும் சிநேகமாக இருந்தன. அன்று கணினிக்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னிக்கு எனக்குப் புது இயங்குதளம் போடுறாங்க! இனிமே நான் பறப்பேன் பாரு!”

“சந்தோஷம்டா. அதுக்கு முன்னாடி அந்தத் தவளைக் குரல்களை என்கிட்ட கொடுத்து வை. எஸ்தர் மழையில காடுகாடா அலைஞ்சு பதிவு பண்ணினது” என்றது பென் டிரைவ்.

“அதெல்லாம் எங்கே போயிடும்? சும்மா இரு!”

எஸ்தரும் ஆவலோடு வந்து உட்கார்ந்தாள். ‘உள்ளே இருப்பவை அழிந்துவிடும், தொடரலாமா?’ என்று திரை கேட்டது. அவள் படிக்காமலே ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

கணினி பளிச்சென்று விழித்தது. “அடேயப்பா, உடம்பு எவ்வளவு லேசா இருக்கு! உள்ளே எவ்வளவு இடம்!” என்று குதித்தது.

எஸ்தர் தவளைக் குரல்களைத் தேடினாள். எங்கும் இல்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“டேய், தவளைகள் எங்கேடா?” என்று பதறியது பென் டிரைவ்.

“எந்தத் தவளைகள்?” என்று உற்சாகமாகக் கேட்டது கணினி. “அது இருக்கட்டும், நீங்க யாரு?”