அந்தச் சுவர் மட்டும் வேண்டாம்

"இதுக்குள்ள ஒரு பூனை குட்டிகளோட குடித்தனமே பண்ணலாம்டா!"

ஹால் சுவரில் நெஞ்சுயரத்தில் வாயைப் பிளந்திருந்த ஓட்டைக்குள் முஷ்டியை விட்டுப் பார்த்துச் சிரித்தான் நண்பன் ராவ்னோ.

"சிரிக்காதேடா. லொரெய்ன் வர்றதுக்குள்ள இதை மறைச்சாகணும்" என்றான் டரில்.

"எப்படி ஆச்சு?"

"நேத்து மேட்ச்ல அந்தக் கடைசி கோலை நம்ம டீம்காரன் எப்படிக் கோட்டைவிட்டான்னு அடிச்சுப் பார்த்தேன்."

"ஹால்லயா?"

"வெளியே மைனஸ் இருபது!"

பனித்தரை ஹாக்கியின் ரப்பர் வட்டு, சுவரின் ஜிப்சம் பலகையைப் பொத்துக்கொண்டு சுவருக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஓட்டை கூடப் பெரிதில்லை. புது வீட்டுக்குக் குடிவந்த அன்று டரிலும் மனைவி லொரெய்னும் போட்ட பந்தயம்தான் பெரிது. வீட்டை முதலில் யார் சேதப்படுத்துகிறார்களோ, அவர்களுடைய மாமியார் பனிக்காலம் முழுக்க இங்கேயே தங்குவார். டரிலின் மாமியார், ஹாக்கியில் முதல் கைகலப்பு வந்ததுமே டிவியை அணைத்துவிடும் உத்தமி.

"அதனாலதான் இந்த எழுபத்தஞ்சு இன்ச் டிவியை வாங்கினியா? ஓட்டைக்குப் பிளாஸ்திரி!" என்று ராவ்னோ மறுபடியும் சிரித்தான். "வெறும் பலகையில திருகினா, மூணாவது கோலுக்கு முன்னாடி டிவி தரையில கிடக்கும். பலகைக்குப் பின்னால மரச்சட்டம் இருக்கும், அதைத் தேடு. காந்தம் இருக்கா?"

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து மாமியார் தந்த நண்டுக் காந்தத்தைப் பிடுங்கி வந்தான் டரில். சுவரில் மெல்ல இழுத்தான். டப்! நண்டு ஒட்டிக்கொண்டது.

"உள்ளே திருகாணி இருக்கு. அதுக்குப் பின்னாலதான் சட்டம். அடுத்தது பதினாறு இன்ச் தள்ளி" என்றான் ராவ்னோ.

அங்கேயும் டப்! ஓட்டை இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது.

"உன் மாமியார் நண்டுக்குக் கூட உன் மேல இரக்கம் இருக்குடா" என்றபடி ராவ்னோ ஓட்டைக்கு அருகே முகத்தை வைத்தான். "ஆமா, உள்ளேயிருந்து காத்து வருதே?"

"புது வீடு. மூச்சு விடுது. நீ துளையைப் போடு!"

துளையிடும் கருவி உறுமிய நேரத்தில் வாசல் கதவு திறந்தது. பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்குக்குப் போன லொரெய்ன் பாதியிலேயே வந்துவிட்டாள். டரில் ஒரே தாவலில் ஓட்டையின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

காலணிப் பனி ஒரு துளி உள்ளே வந்தாலும் ஊரைக் கூட்டுகிறவள், பூட்ஸோடு ஹால் நடுவே நின்றாள்.

"டிவி! உனக்கு சர்ப்ரைஸ்!"

"அந்தச் சுவர்லயா? வேண்டாம்! ஜன்னல் பக்கம் மாட்டு!"

"வெயில் அடிக்கும்."

"ஜனவரியில ஏதுடா வெயில்?"

"இந்தச் சுவர்தான் ராசி. ராவ்னோ சொன்னான்."

"நானா?" என்ற ராவ்னோவை டரில் முறைத்தான். "ஆமா... ரொம்ப ராசி."

லொரெய்னுக்கு வியர்த்தது. "டரில், சொன்னாக் கேளு. இந்தச் சுவருக்குப் பின்பக்கம், பெட்ரூம்ல எங்கம்மா படம் மாட்டியிருக்கேன். சுவர் அதிர்ந்தா விழுந்துடும்."

செவ்வாய்க்கிழமை திடீரென்று அந்தப் படம் பெட்ரூமுக்கு வந்தபோதே டரில் கேட்டான், "இங்க எதுக்கு உங்கம்மா?" என்று. பாசம் என்றாள். அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"கழட்டி வச்சுடலாமே" என்றான் இப்போது.

"தொடாதே!" அலறினாள். பிறகு குரலை இறக்கினாள். "நானே போய்ப் பிடிச்சுக்கறேன். சீக்கிரம் முடிங்க."

பெட்ரூமுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன பாசம்டா!" ராவ்னோ உருகிப்போனான்.

சுவரைவிட்டு டரில் விலக, இருவரும் டிவியை மாட்டும் இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது. நீளத் திருகாணிகள் கிரீச்சிட்டுச் சட்டத்துக்குள் இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. கடைசித் திருகாணிக்கு ராவ்னோ முழு எடையையும் கொடுத்து முறுக்கினான். சுவரே ஒரு குலுங்கு குலுங்கியது.

பெட்ரூமில் படார்!

"லொரெய்ன்! அடிபட்டுச்சா?"

டரில் பதறிப்போய், தகட்டின் இடைவெளியில் தெரிந்த ஓட்டையில் கண்ணை வைத்தான்.

உள்ளே இருட்டு இல்லை. படம் விழுந்த இடத்தில் இன்னொரு ஓட்டை, பளிச்சென்று பெட்ரூம் வெளிச்சம். அதன் நடுவே, இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு, லொரெய்னின் நீலக் கண்.

இரண்டு கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"எப்போ?" என்றான் டரில்.

"திங்கக்கிழமை" என்றது கண். "தலைகீழா நின்னு யோகா பண்ணினேன். குதிகால் போய் இடிச்சுடுச்சு. உன்னுது?"

"நேத்து ராத்திரி. ஹாக்கி." டரில் துள்ளிக் குதித்தான். "அப்படின்னா முதல்ல உடைச்சது நீ! பனிக்காலம் பூரா வரப்போறது எங்கம்மா!"

குதித்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய அம்மா ஹாக்கி மட்டையையே வீட்டுக்குள் விடமாட்டாள்.

ஓட்டை வழியாக ஒரு விரல் நீண்டு அவன் மூக்கைத் தட்டியது.

"கத்தாதே. அந்தப் பக்கம் நீ டிவியை மாட்டு. இந்தப் பக்கம் நான் எங்கம்மாவை மாட்டறேன்."