ஆமைத் தளபதி நிற்பதாகச் சொன்ன இடம்

மூன்று தீவுகளைப் பிடித்தாகிவிட்டது. நான்காவது தீவு கண்ணெதிரே பச்சையாய்த் தெரிந்ததும் ஆமைத் தளபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எதிரி ஒரு பெரிய சுறா. அது எங்கே திரிகிறதென்று பார்த்துவர, தன் முதுகில் ஏறிவந்த நாற்பது ஆலாப் பறவைகளையும் ஆமை காலையிலேயே அனுப்பியிருந்தது. நனைந்தால் ஆலாவின் சிறகு கனத்துவிடும். கடலில் இறங்கி இளைப்பாற முடியாது. அதனால், "தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குற இந்தப் பாறைப் பக்கத்துலயே நிப்பேன். என் முதுகைப் பார்த்து இறங்குங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தது.

உச்சிவெயில் ஏறியது. ஆமையின் கால்கள் பரபரத்தன.

"கிளம்பிடலாமா?"

"பறவைங்க வந்துடட்டும் ஐயா" என்றது முதுகிலிருந்த நண்டு.

"அதுக்குள்ள சுறா தீவை வளைச்சுட்டா? பறக்கத் தெரிஞ்சதுங்களுக்குத் தேடி வரத் தெரியாதா?"

ஆமை நீந்திப் போய்க் கரையேறியது. எதிர்க்க ஒருவருமில்லை. நண்டு ஒரு குச்சியில் கடற்பாசியைக் கட்டிக் கொடி நட்டது.

பொழுது சாயும்போது ஒரேயொரு ஆலா வந்தது.

"மத்தவங்க எங்கே?"

"நீங்க சொன்ன இடத்துல கறுப்பா ஒரு முதுகு தெரிஞ்சுது, தளபதி. நீங்கதான்னு நம்பி எல்லாரும் இறங்கினாங்க. நான் கடைசியா வந்தேன், தப்பிச்சேன்."

ஆமை மெல்லத் திரும்பித் தன் முதுகைக் காட்டியது.

"வா, உட்காரு."

ஆலா பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டது.